பள்ளிக்கூட வளைவில் போடாத கயிறு

ராமாயி அக்கா போய்விட்டார்.

காலையில் புவனா போன் பண்ணினாள். "அங்கிள்... பெரியம்மா..." இரண்டு நாளாக மூச்சுத் திணறல் இருந்ததாம்.

நான் இங்கே வேறொரு தீவில், லாங் ஐலண்டில் கிடக்கிறேன். இன்றைய போட் போய்விட்டது, அடுத்தது நாளைக்குத்தான். சாயங்காலமே எடுத்துவிடுவார்கள்... முகம் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புரோத்ராபூர் தாண்டி ஒரு சின்ன ஊரில் வார்டு மெம்பராக இருந்தவர். சிலோன் தோட்டத்தில் பிறந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்து, சுனாமியில் தங்கச்சியைப் பறிகொடுத்து, தங்கச்சி மகள் புவனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பலேறி வந்தவர்.

இந்தியில் வெளுத்து வாங்குவார். இங்கிலீஷ் மட்டும் ஒரு எழுத்து தெரியாது.

சுனாமி வீடுகள் கட்டிக்கொண்டிருந்த நேரம். ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் பள்ளிக்கூட வளைவில் பேய் மாதிரி பறக்கும். இருபதுக்கு மேல் போகாதே என்று ஒரு போர்டு, ஒரு ஸ்பீடு பிரேக்கர்... அக்கா கேட்டது அவ்வளவுதான்.

பஞ்சாயத்தில் தீர்மானம்கூடப் போட்டார்கள். அது செல்லாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். ரோடு ஒரு டிபார்ட்மென்ட், வேகம் இன்னொரு டிபார்ட்மென்ட், வண்டியைப் பிடிப்பது போலீஸ்.

"அரே, அடிபட்டுச் சாவுறது எங்க வார்டு ஆளு. தூக்கிட்டு ஓடுறது நாங்க. ரோடு மட்டும் எங்களுது இல்லியா?" எங்கள் கவர்மென்ட் ஆபீஸ் கவுன்ட்டரில் நின்று கத்தினார். நான் அங்கே கிளார்க். அப்படித்தான் பழக்கம்.

மனுவை வாங்கி சீல் குத்திக் கொடுத்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எனக்குத் தேங்காய் ரொட்டியும் சம்பலும் பார்சல். "தனியா இருக்கிற புள்ள... கேன்டீன்ல என்னா கெடைக்கும்?"

பதில் கடிதம் போனது. இங்கிலீஷில் நாலு வரி. வேக வரம்பு வைக்கப் பஞ்சாயத்துக்கு அதிகாரம் இல்லை, கோரிக்கையை ஏற்க இயலாது.

அந்த நாலு வரியை டைப் பண்ணியது நான். ஆபீசர் சொன்னார், அடித்தேன்.

அதைத் தூக்கிக்கொண்டு அக்கா என்னிடமே வந்தார். "படிச்சுச் சொல்லுங்க தம்பி. என்னா எழுதிருக்கானுங்க?"

கையில் ரொட்டி பார்சல் வேறு.

"மேலே அனுப்பியிருக்காங்கக்கா. ரெண்டு மாசத்துல ஆர்டர் வந்துடும்."

பாவம் பார்த்துச் சொன்னேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. அவர் முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொன்றும் சொன்னேன். "நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என் வேலைக்கே ஆபத்து."

"சே சே... சத்தியமா வாயத் தொறக்க மாட்டேன் தம்பி."

அதே வாரம் ஊர்க்காரர்கள் படகுத்துறை ஜெட்டியிலிருந்து பழைய கப்பல் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தொடை கனம் இருக்கும். ரோட்டுக்குக் குறுக்கே போட்டு முளை அடித்துவிட்டால் எந்த டிப்பரும் அடங்கித்தான் போகணும்.

அக்காதான் தடுத்தார். "ஆர்டர் வரப்போவுது. இப்பக் கயிறு போட்டா அதையே சாக்கா வச்சு நிறுத்திப்புடுவானுங்க. கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தார்கள்.

ஐந்தாவது வாரம்... பள்ளிக்கூடம் விட்ட நேரம். அதே வளைவில் டிப்பர் புவனாவை அடித்துப் போட்டுவிட்டது. ஒன்பது வயது. இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அக்கா என் கையைப் பிடித்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "தம்பி, மேல சொல்லி அந்த ஆர்டரைக் கொஞ்சம் சீக்கிரம் வாங்கிக் குடுங்க. மத்த புள்ளைங்களாவது..."

"சரிக்கா" என்றேன். சீ... நானெல்லாம் ஒரு மனுஷன்.

மறுநாளே ஊர் கயிற்றைப் போட்டது. அக்காவை நிற்க வைத்துக் கேள்வியும் கேட்டது. "ஆர்டர் வருதுன்னு யாரு சொன்னா உனக்கு?" அவர் பதிலே சொல்லவில்லை. டிப்பர்காரனிடம் காசுக்குக் கை நீட்டிவிட்டாள் என்றுகூடப் பேசினார்கள். அடுத்த எலெக்‌ஷனில் அவர் நிற்கவே இல்லை.

நான் டிரான்ஸ்பர் கேட்டு வாங்கிக்கொண்டு தீவு தீவாக ஓடினேன். அந்தப் பக்கமிருந்து யாராவது வந்தால் ரொட்டி பார்சல் மட்டும் தவறாமல் வரும். முதல் தடவை சாப்பிட முடியவில்லை. அப்புறம் சாப்பிட்டேன்.

போன வருஷம் புவனா காலேஜில் சேர்ந்தபோது போனில் சொன்னாள். "ஒரே ஒரு தடவை கேட்டேன் அங்கிள், ஏன் பெரியம்மா கயிறு போட விடலைன்னு. ரொம்ப அழுதாங்க. பதில் சொல்லலை. இன்னும் எனக்கு அந்தக் கோபம் போகலை."

அப்போதும் நான் "ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

புவனா, இதை நீ படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உன் பெரியம்மா தடுத்தது என் பொய்யை நம்பி. உன்னிடம்கூடச் சொல்லாதது எனக்குக் கொடுத்த சத்தியத்துக்காக. ஊர்க்காரர்கள் யாராவது இதைப் பார்த்தால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அவரைத் தூக்குவதற்கு முன்னால் தெரியட்டும்.

நாளைக்குப் போட்டில் வருகிறேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்மா.

அக்கா... அந்தக் கடிதத்தில் 'முடியாது' என்றுதான் எழுதியிருந்தது. போய் வாங்க அக்கா.