மிதந்த சாம்பல்

ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பை முப்பது வயதுக்கு மேல் மறுபடி தொட்டு, கணக்கில் இரண்டு தடவை குப்புற விழுந்து, மூன்றாவதில் பத்தாவது தேறியது. தினக்கூலியாகக் கூட்டித் துடைக்கப் போன எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தில் நிரந்தர வேலை. ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டியிருந்த நுண்ணோக்கிக்கு முன்னால், தன் உயரத்துக்குக் கால் அறுத்துக் குட்டையாக்கிய ஒரு முக்காலி. பெரிய படிப்புப் படித்தவர்கள் ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, “நீ என்ன சொல்றே?” என்று அவள் முகத்தைப் பார்ப்பது.

கடைக்குட்டி என்று எல்லாரும் கூப்பிட்ட அவள் பிற்பாடு வென்றவை இவை. ஒன்றும் சும்மா மடியில் வந்து விழவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழே காலுக்கு இவற்றில் ஒன்றுகூட அவளிடம் கிடையாது. இருந்தது ஒரு ஜோடி ரப்பர் கையுறை. அதிலும் இடது கையில் ஓட்டை.

மலை புகைய ஆரம்பித்து எட்டு நாள் ஆகியிருந்தது. சரிவிலிருந்த நான்கு குடியிருப்புகளையும் காலி செய்து, ஆயிரத்து நூற்று நாற்பது பேரைப் பள்ளிக்கூட மண்டபத்தில் அடைத்திருந்தார்கள். அதில் அவளுடைய அக்காவும், அத்தானும், இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அன்று பதினொரு மணிக்கு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப ஒன்பது பஸ் வந்து நிற்கும் என்று பேச்சு. முந்தின நாள் சாயங்காலம் பார்க்கப் போனபோது அக்கா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“முதல் பஸ்ல நாங்கதான். எட்டு நாளா ஆடு பட்டினி. ஏண்டி, சாம்பலைக் கழுவிக் கழுவி நீ அந்த மலைக்குச் சம்பந்தியாகிட்டியே, உன் சம்பந்தி என்ன சொல்றான்?”

“பழைய கல்லுதான் பறக்குதாம். கண்ணாடிக்காரர் சொன்னார். பயமில்லையாம்.”

கண்ணாடிக்காரர் என்பது பாறைகளைப் பார்க்கும் அதிகாரி. மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று இரண்டு கண்ணாடி போட்டிருப்பார். சாம்பலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து அவர் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பூமிக்குள் சிக்கிய நீராவி பழைய பாறையை உடைத்து ஊதுகிறதா, அல்லது புதுப் பாறைக்குழம்பு மேலே ஏறி வருகிறதா? பழைய கல் என்றால் ஜனங்கள் வீட்டுக்குப் போகலாம். ஆறு இடங்களில் சாம்பல் எடுத்திருந்தார்கள். ஐந்து பார்த்தாகிவிட்டது. ஐந்திலும் கறுத்த பழைய கல். ஆறாவதையும் பார்த்துவிட்டுப் பத்து மணிக்கு அறிக்கை கொடுப்பதாக இருந்தார்.

சாம்பலைக் கழுவிக் கொடுப்பது கடைக்குட்டி. கழுவுதொட்டிக்கு மேலே ஓர் அட்டை தொங்கும்: ‘ஊறவை, கலக்கு, மேல் தண்ணீரைக் கொட்டு, தெளியும் வரை செய்.’ எழுத்துப் பிசகாமல் அப்படியே செய்வாள். அவள் கழுவிய சாம்பல் போலச் சுத்தம் வேறு எங்கும் கிடையாது என்று நிலையத்தில் பேர். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஆறாவது கிண்ணத்தில் வெளிறிய நுரை போல ஏதோ மிதந்தது. முந்தின ஐந்திலும் மிதந்ததுதான். மலையில் புதர் எரிந்த இலைச்சாம்பல் என்று நினைத்துக் கொட்டியிருந்தாள். இதையும் கொட்டக் கிண்ணத்தைச் சாய்த்தபோது கையுறை ஓட்டை வழியாக உள்ளே புகுந்து மணிக்கட்டில் அப்பிக்கொண்டது. துடைத்தாள். சுரீர் என்றது. பார்த்தால் மயிரிழை மயிரிழையாக நான்கு கீறல், நான்கிலும் ரத்தம்.

இலைச்சாம்பல் கையைக் கீறாது.

கிண்ணத்தை நிமிர்த்திவைத்துவிட்டு நுண்ணோக்கி அறைக்குப் போனாள். துடைக்கும் நேரத்தில் அந்த அறை திறந்திருக்கும். துடைப்பதோடு அவள் நிற்பதில்லை என்பது சுவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. மிதந்ததில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, கண்ணாடிக்காரர் செய்வது போலவே ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டாள். குனிந்து பார்த்தாள்.

உடைந்த பல்புத் துண்டுகள். வளைந்து, நிறமில்லாமல், விளிம்பு கத்தி மாதிரி. குமிழி குமிழியாக இருந்தது உடைந்த கோலம்.

ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு வெளிச்சக் கோடு இருந்தது. நுண்ணோக்கியின் குழாயை மெல்ல உயர்த்தினாள். இந்த மலையின் குழம்பு உறைந்து உண்டான கறுப்புக் கண்ணாடித் தூளில் அந்தக் கோடு துண்டுக்குள்ளே நகரும். எத்தனையோ தடவை திருட்டுத்தனமாகப் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு அது வெளியே, எண்ணெய்ப் பக்கம் நகர்ந்தது.

“யாரைக் கேட்டுத் தொட்டே?”

வாசலில் கண்ணாடிக்காரர்.

“திட்டுறதை அப்புறம் திட்டுங்க சார். முதல்ல இதைப் பாருங்க. கோடு வெளியே போகுது.”

அவர் திட்ட வாயெடுத்தவர், ‘கோடு’ என்றதும் நின்றார். குனிந்தார். நெற்றிக் கண்ணாடி நழுவி மேஜையில் விழுந்தது. எடுக்கவில்லை.

“பழைய நுரைக்கல்லா இருக்கும்,” என்றார். குரலில் தெம்பில்லை.

“பழசுன்னா மங்கிப்போய், மண்ணு ஒட்டி, முனை மழுங்கியிருக்காதா சார்? இது நேத்து உடைஞ்ச கிளாஸ் மாதிரி என் கையையே கீறிடுச்சு.”

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். அந்த மலை இதுவரை கக்கியதெல்லாம் சிலிக்கா குறைந்த கறுப்புக் குழம்பு. தண்ணீர்ப் பாகு போல ஓடும். அதிலிருக்கும் வாயு சுலபமாகக் குமிழி விட்டு வெளியேறிவிடும். ஓடிவரும் குழம்பைப் பார்த்து மனிதன் நடந்தே தப்பிக்கலாம். ஆனால் குழம்பு வெளியே வராமல் பூமியின் வயிற்றில் வருஷக்கணக்காகத் தங்கி மெல்ல ஆறினால் கதை வேறு. இரும்பும் மக்னீசியமும் நிறைந்த கனமான கறுப்புப் படிகங்கள் முதலில் உறைந்து அடியில் தங்கிவிடும். மிச்சமிருக்கும் குழம்பில் சிலிக்கா ஏறிக்கொண்டே போகும். நிறம் வெளுக்கும்; உறைந்த கண்ணாடி ஒளியைக் குறைவாக வளைக்கும், அதனால்தான் நுண்ணோக்கியில் கோடு வெளியே எண்ணெய்ப் பக்கம் போகும். பாகு முற்றினதுபோல இழுவையாகும். வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே திமிறும். அப்படிப்பட்ட குழம்பு மேலே வந்தால் ஓடாது, வெடிக்கும். வெடிப்பதற்கு முன் அதன் நுரைத்த கண்ணாடித் தூள்தான் தூது வரும். நுரைத்ததால் அது தண்ணீரில் மிதக்கும்.

“மத்த அஞ்சுலயும் இது இருந்துச்சா?” என்றார் கண்ணாடிக்காரர்.

பொய் சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. தினக்கூலி. போ என்றால் போக வேண்டியதுதான். அவள் சொன்னாள்: “இருந்துச்சு சார். அஞ்சையும் கொட்டிட்டேன்.”

ஒன்பதரைக்கு இருவரும் இயக்குநரம்மா முன்னால் நின்றார்கள். அந்த அம்மா மேஜையில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. பஸ்களை மண்டபத்துக்கு அனுப்பியாகிவிட்டதாம்.

“ஒரு கிண்ணத்தை வெச்சு நான் பஸ்ஸை நிறுத்த முடியாது. ஒரு இடத்துல பழைய நுரைக்கல் கலந்திருக்கும்னு மேலிடம் சொல்லும். அஞ்சு இடத்துலயும் இருந்துச்சுன்னா வேற. ஆனா அது போயிடுச்சே.”

“போகலைங்கம்மா. தொட்டிக்குக் கீழே மண் தங்குற வாளி இருக்கு. மிதக்குறது அதுலயே நிக்கும். இப்பவும் நிக்குது, பார்த்துட்டு வந்தேன்.”

“அது சாக்கடை வாளி. எந்தக் காலத்து அழுக்கோ!”

“திங்கட்கிழமை நானே தேய்ச்சுக் கழுவினேன். அதுக்கப்புறம் இந்த ஆறைத் தவிர வேற எதுவும் கழுவலை. ஆறாவதை இன்னும் கொட்டலை. அதனால வாளியில இருக்கிறது அந்த அஞ்சோடதுதான்.”

இயக்குநரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதை அப்படியே எழுதிக் கொடுப்பியா?”

“கொடுத்தா வேலை போயிடுமாங்கம்மா?”

“போகலாம். காப்பாத்துறேன்னு உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்.”

கடிகாரத்தில் ஒன்பது நாற்பத்தாறு. கடைக்குட்டி தாளை வாங்கிக்கொண்டு, நின்றபடியே குனிந்து எழுத ஆரம்பித்தாள். பின்னால் நின்று படித்த கண்ணாடிக்காரர், “‘கவனக்குறைவால் கொட்டினேன்’னு போடு,” என்றார்.

பேனா நின்றது.

“அது மட்டும் எழுத மாட்டேன் சார். கொட்டினது நான். ஆனா கவனமாத்தான் கொட்டினேன். அட்டையில இருக்கிறபடி.”

“இப்போ வார்த்தைக்கு வழக்கா? நேரம் ஓடுது!”

“எனக்கும் ஓடுது சார். எங்க அக்கா முதல் பஸ்ல உக்காந்திருப்பா.”

அட்டையை எழுதித் தொங்கவிட்டவர் அவர்தான். ஓடும் குழம்பு கக்கும் மலைக்கென்று, மிதப்பதெல்லாம் இலையும் தூசும் என்று நினைத்து எழுதியது. அவர் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. “சரி, வேண்டாம்,” என்றார். “அட்டையில என்ன இருந்துச்சோ அதையே எழுது. எழுதினது நான்னும் எழுது.” சொல்லிவிட்டு வாளியை எடுக்க ஓடினார்.

வாளியில் மிதந்ததும் அதே கண்ணாடித் துண்டுகள்தான். பத்தே முக்காலுக்குப் பஸ்கள் நிறுத்தப்பட்டன. மண்டபத்தில் ஏகப்பட்ட கூச்சல். கழுவுகிறவள் பேச்சைக் கேட்டு அரசாங்கம் ஆடுகிறது என்று அத்தானே கத்தினார். ஏறிய பஸ்ஸிலிருந்து மூட்டையோடு இறங்கிய அக்கா, “வீட்டுக்கே சனியனா வந்து வாய்ச்சாளே!” என்றாள். அந்த வார்த்தையை அவள் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்த்தாள். வார்த்தையைக் கொட்டினால் அள்ள முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு இருபதுக்கு மலை வாய் பிளந்தது. கறுப்பு ஆறு ஓடவில்லை. வெளுத்த மேகம் ஒன்று தரையோடு தரையாகப் பாய்ந்து இறங்கி நான்கு குடியிருப்புகளையும் ஆறு நிமிஷத்தில் மூடியது. வீடுகள் போயின, ஆடுகள் போயின. மனிதர் ஒருவரும் அங்கே இல்லை.

கடைக்குட்டியை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. உடனே தூக்கி வைத்துக் கொண்டாடவும் இல்லை. அட்டை மட்டும் மாறியது: ‘மிதப்பதை வடித்துத் தனியே வை.’

அவள் எழுதிய பதினோரு வரியும் நிலையத்தின் கோப்பில் இருக்கிறது. தினக்கூலிகள் வருகைப் பதிவில் மையில் விரல் உருட்டிக் கைநாட்டு வைப்பதுதான் அங்கே வழக்கம். அவளுக்கு எழுதத் தெரியுமா என்றுகூட அதுவரை யாரும் கேட்டதில்லை. இயக்குநரம்மா பழக்கத்தில் மைப்பெட்டியைத்தான் நகர்த்தினாராம். அவள் அதைத் தள்ளிவைத்துவிட்டு, முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதி, கீழே நாளையும் போட்டாள்: 14 ஆகஸ்டு 1987.