கசப்பைக் கழுவிய குழம்பு

நுசுக்கா ஊரில் ஓய்வுபெற்ற தபால் எழுத்தர் ஒபியோராவுக்கு மனைவி உகோயே கண்மூடியபின் மிஞ்சிய ஒரே துணை, வேலியோரக் கசப்பிலைச் செடிகள். அவற்றுக்குள் குடியிருக்கும் ஃபிளேவனாய்டு, சாப்போனின் முதலிய மருந்துச்சத்துப் பெருமக்களைச் சம்பந்தி வீட்டாரைப்போல மரியாதையோடு பெயர் சொல்லி விசாரிப்பார். காய்ச்சல், வயிற்றுப்பூச்சி, சர்க்கரை, யாருக்கு எது வந்தாலும் அவருடைய தீர்ப்பு ஒன்றே: "கழுவாம தின்னு."

ஊரோ, கசப்புப் போக நுரை அடங்கும்வரை கசக்கிப் பிழிந்துதான் குழம்பு வைக்கும். உகோயேயும் அப்படித்தான். "மருந்தையெல்லாம் சாக்கடைக்கு ஊட்டுறியேடி!" என்று இவர் கத்துவார். "சாக்கடையாவது நோயில்லாம இருக்கட்டும்" என்று அவள் பிழிவாள். இல்லறம் இப்படி இனிதே நடந்தது. இப்போது அவர் கழுவாமலே சமைத்தார். ஏனென்று கேட்க நாதியில்லை.

பங்காளிகள் கூட்டம் மாதம் ஒரு வீட்டில் கூடும். வீட்டுக்காரர்தான் சோறு போடவேண்டும். இந்த மாதம் ஒபியோராவின் முறை. முந்தின நாளே சித்தப்பா மகன் நெபோ வந்துவிட்டான்.

"அண்ணே, நாளைக்கு எனக்கு வயித்துவலி."

"நாளைக்கு வர்ற வலி இன்னைக்கே எப்படிடா தெரியும்?"

"உங்க குழம்புன்னு தெரிஞ்சுதே. நம்மாளுங்க அத்தனை பேருக்கும் வலிதான்."

"அதுல சர்க்கரை குறையுதுன்னு ஆராய்ச்சிக்காரன் எலிக்குக் குடுத்தே பார்த்திருக்கான்டா!"

"அப்ப அந்த எலிங்களையே பந்திக்குக் கூப்பிடுங்க."

நெபோ போனபின் ஒபியோரா கூடத்தைப் பார்த்தார். கடன் வாங்கிப் போட்ட நாற்காலிகள் வரிசையாகக் காலியாக நின்றன. நாளைக்கும் இப்படியே நின்றால்?

விடிந்ததும் இலையைப் பறித்தார். கொள்கையை ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு, கசக்கினார், பிழிந்தார், பச்சை நுரையைக் கொட்டினார், மறுபடியும் கசக்கினார். சேப்பங்கிழங்கும் கருவாடும் செம்பனை எண்ணெயும் சேர்ந்து தெருமுனைவரை மணத்தன. வயிற்றுவலிக்காரர்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள்.

இடித்த வள்ளிக்கிழங்கை உருட்டி உருட்டித் தொட்டு விழுங்கினார்கள். வாய் நிறைந்திருந்ததால் பேச்சில்லை. சட்டி காலியானதும் எழுந்துவிட்டார்கள், தொலைக்காட்சியில் பந்தாட்டம்.

ஒபியோரா வாசல்வரை நெபோவின் பின்னால் ஓடினார். "கழுவிட்டேன்டா. மருந்தெல்லாம் போச்சு, தெரியுமா?"

ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லமாட்டானா என்று அவன் முகத்தையே பார்த்தார்.

"நீங்க சொன்னா சரியாத்தான்ணே இருக்கும்" என்று நெபோ வண்டியைக் கிளப்பினான்.

ஒபியோரா எச்சில் தட்டுகளைக் கழுவ உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் கழுவினாலும் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை.