பூட்டிய வீடுகளுக்கு விளக்கு

கிட்ட வந்து உட்காருங்க, சத்தமாகச் சொல்கிற விஷயமில்லை. ஆள் இருக்கிற வீட்டில் வேலை செய்தால் ஏச்சாவது கிடைக்கும். ஆளில்லாத வீட்டைப் பார்த்துக்கொள்கிற வேலையில் அதுவும் கிடையாது. அடுத்தவர் வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலைகிறவர்களுக்கு இது புரியும்.

தெரு முழுக்க வெளிச்சம்

முத்துப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு தெரு. எல்லாம் மாடி வீடு, எல்லாரும் துபாய், சிங்கப்பூர். குடியிருப்பது சபியா லாத்தா ஒருவர்தான். லாத்தா என்றால் அக்கா. மற்ற வீடுகளைப் பொழுது சாயும்போது திறந்து கூட்டி, இருட்டிக் கிடக்கக் கூடாதென்று லைட்டைப் போடுவேன். ஈரவாடை போக ஃபேனும் ஓடும்.

புதிதாக வந்த சேலை வியாபாரி ஒருவர், வெளிச்சத்தைப் பார்த்து ஆசையோடு வீடு வீடாகக் கூப்பிட்டிருக்கிறார். கதவு திறந்திருக்கிறது, ஃபேன் சுற்றுகிறது, ஊஞ்சல்கூட லேசாக ஆடுகிறது. பதில் இல்லை. கடைசி வீட்டில் விளக்குமாறும் கையுமாக என்னைக் கண்டதும் மூட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏம்மா, எல்லாரும் இப்பத்தான் எழுந்து போனாங்களா?"

காதில் வைத்த வீடு

பூட்டிய வீடுகளில் போன் மணி அடிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? அதில் ஒரு வீடு கபீர் தம்பியுடையது. தம்பி துபாயிலிருந்து கூப்பிடும். "ராசாத்தியக்கா, போனைக் கூடத்துல வச்சிட்டு நீங்க வேலையைப் பாருங்க" என்னும். வேவு பார்க்கிறதோ என்று எனக்குக் கோபம். ஒருநாள் திரும்ப எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் இருமல், சண்டை, தண்ணீர்க் குழாய்ச் சத்தம், யாரோ இடம் கேட்டுக் கத்துகிறார்கள்.

"கட்டிலுக்கு மேல கட்டில் போட்டுப் படுத்திருக்கோம்க்கா. என் வீட்டுல ஒருத்தரும் இல்லாத சத்தத்தைக் கொஞ்சம் கேட்டுக்கிறேன்."

சென்னைக்குப் போய் வந்த லாத்தா

லாத்தாவின் மகன் யூசுப் சென்னையில் ஃபிளாட் வாங்கியிருந்தார். தாயைக் கூட்டிப்போய் ஒரு மாதம் வைத்திருந்தார். லாத்தா அடம்பிடித்துத் திரும்பிவிட்டார். அங்கே அவ்வளவு ஜனம் இருக்கிறதே என்றேன்.

"மேல ஆளு, கீழ ஆளு, எதிர்ல ஆளு. கதவைத் தட்டுனா சங்கிலிய மாட்டிக்கிட்டு ஒத்தக் கண்ணாலதான்டி பாக்குறாங்க."

மாடியில் ஒரு சலாம்

கடைசியில் யூசுப் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை வர்றேன். தெருவுல நீங்க ஒத்தையில இருந்தா, கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்." லாத்தா அழவில்லை, என்னைக் கூப்பிட்டார். ஆள் இருப்பதுபோலத் தெரிய வாசலெல்லாம் செருப்பைப் பரப்ப வைத்தார், கொடியெல்லாம் துணி, ஒரு வீட்டில் ரேடியோ, ஒரு வீட்டில் தாளிப்பு வாசனை.

யூசுப் தெருவைச் சுற்றிவிட்டுச் சிரித்தபடி வந்தார். "பரவாயில்லை உம்மா, இவ்வளவு பேர் இருக்காங்களே. கபீர் வீட்டு மாடியிலேருந்து ஒரு பெரியவர் சலாம் சொன்னாரு."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். மாடிக் கதவின் சாவி கபீரோடு துபாயில் இருக்கிறது. அங்கே நான் ஏறினதே இல்லை. லாத்தா என்னைப் பார்த்தார், நான் லாத்தாவைப் பார்த்தேன். பிறகு அவர் இன்னொரு கிளாசில் டீ ஊற்றி, ஆடை படியாமல் மூடி என்னிடம் நீட்டினார்.

"பாவம், அவருக்கும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா."

ஆளில்லாத வீட்டுக்குச் சம்பளம் வாங்குகிறவள், டீ கொண்டுபோக மாட்டேன் என்று மட்டும் எந்த வாயால் சொல்வது?