சுண்டெலியின் காலிக் கட்டம்

பென்சில் டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. கவலைப்பட மட்டும் நன்றாக வரும். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பதால் பள்ளி முழுக்க அதுதான் அவர் பெயர். அவர் மூன்றாம் வகுப்பு, நான் அடுத்த அறையில் நான்காம் வகுப்பு டீச்சர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதும் பள்ளி முழுக்கத் தெரியும்.

அவர் வகுப்பில் ஓர் ஏற்பாடு உண்டு. திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையில் இந்த வாரம் எதைக் கற்கப்போகிறது என்று தானே எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை, அது வந்துவிட்டதென்றால் வரிக்குப் பக்கத்திலுள்ள கட்டத்துக்குப் பச்சை அடிக்கலாம், இல்லையென்றால் காலியாக விடலாம். டீச்சர் அட்டையைத் தொடவே மாட்டார். கட்டம் காலியாக இருக்கிற பிள்ளையின் பக்கத்தில் மட்டும் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். வேறு வேலை இல்லையா என்று நான் கேலி செய்ததுண்டு. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைகள் மளமளவென்று முன்னேறினார்கள்.

சுண்டெலியைத் தவிர. குரல் அவ்வளவு சின்னது என்பதால் அந்தப் பட்டம். ‘ஒரு பக்கத்தைத் திக்காமல் வாசிப்பேன்’ என்று எழுதியிருந்தாள். பதினோரு வாரமாக அதே வரி, அதே காலிக் கட்டம்.

தலைமையாசிரியர் அட்டையைப் பார்த்துவிட்டார். “இந்த வெள்ளிக்கிழமையும் காலியா இருந்தா, திங்கட்கிழமைல இருந்து அவ ரெண்டாம் வகுப்புல உக்காரட்டும்” என்றார்.

அன்றிலிருந்து டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. டப்பாவைத் திறப்பார், மூடுவார். “நான்தான் ஏதோ தப்பா சொல்லித்தரேன். கீழ அனுப்பிட்டா அவ மனசு விட்டுப் போயிடும்” என்று புலம்புவார்.

“பேசாம நீங்களே பச்சை அடிச்சு விடுங்க. ஒரு கட்டம்தானே?” என்றேன்.

“அப்புறம் மத்த பச்சைக்கெல்லாம் என்ன மதிப்பு?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு மனுஷியா!

வியாழன் மதியம் குழாயடிக்குப் போனேன். கை கழுவும் முறை பற்றி அன்று காலையில்தான் ஒரு புதுத் தாளை ஒட்டியிருந்தார்கள். முதல் வகுப்புப் பொடிசுகளை நிற்கவைத்து யாரோ அதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு வரிகள், ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. எட்டிப் பார்த்தால் சுண்டெலி!

“அடிப்பாவி!” என்று அவள் கையைப் பிடித்து நேராக டீச்சரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அப்போ என்கிட்ட மட்டும் ஏம்மா திக்கின?”

சுண்டெலி தன் காலையே பார்த்தாள். “பச்சை அடிச்சா நீங்க பக்கத்துல உக்கார மாட்டீங்கல்ல?”

பிடித்திருந்த அவள் கையை விட்டேன். திட்டுவதற்கு என்னென்னவோ தயாராக வைத்திருந்தேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இது நான் போட்ட சட்டம். தப்பு என்னோடது” என்றார்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பத்தே முக்கால் ஆகியும் சுண்டெலி பச்சைப் பென்சிலைத் தொடவில்லை. என் வகுப்பைக் கணக்குப் போட வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றேன்.

டீச்சர் ஒரு புது அட்டையை எடுத்து எழுதி அவளிடம் நீட்டினார். “இது என் அட்டை. படி.”

“பச்சை அடித்த பிள்ளைகள் பக்கத்திலும் முறைபோட்டுப் பத்து நிமிடம் உட்காருவேன்.” சுண்டெலி ஒருமுறை வாசித்தாள். பிறகு மெதுவாக இன்னொரு முறை.

“உக்காந்தேனா இல்லையான்னு நீதான் பச்சை அடிக்கணும். நான் தொட மாட்டேன்.”

அவள் டீச்சர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கடவுளே, எடுடி பென்சிலை என்று எனக்குள் கத்தினேன். எடுத்தாள். முனை ஒடிகிற அளவுக்கு அழுத்திப் பச்சை அடித்தாள்.

தலைமையாசிரியர் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். “சரி, இங்கயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சரின் அட்டையை எட்டிப் பார்த்தேன். கட்டம் காலி.

“ஏண்டி, உன் பக்கத்துலதான் உக்காந்தாங்களே?” என்று கேட்டேன்.

சுண்டெலி சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். “எட்டு நிமிஷம்தான் டீச்சர்.”

மீதி இரண்டு நிமிடத்துக்குப் பென்சில் டீச்சர் மறுபடி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.