மச்சானின் முன்பல்லும் எங்கள் ஸ்விங்கும்

பேண்டு செட்டுக்காரர்கள் நடுவில் அடிதடி வந்தால் யாரை முதலில் காப்பாற்றுவது என்று ஒரு வரிசை உண்டு. முதலில் டிரம்பெட்காரரின் வாய். அடுத்து கிளாரினெட்காரரின் விரல். அப்புறம் டிரம்மின் தோல். கடைசியாக ஜால்ரா அடிப்பவன். அவன் போனால் போகட்டும், அடுத்த பஸ்ஸில் வேறொருவன் வந்து இறங்குவான்.

எங்கள் பெரம்பலூர் செட்டில் ஜால்ரா அடித்தவன் நான். சாப்பாட்டுத் தட்டு அளவில் இரண்டு பித்தளைத் தட்டுகள், ஒன்றை ஒன்றோடு மோத வேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பிலேயே வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து ஓடிவந்தவனுக்கு அதற்கு மேல் படிப்பு வேண்டியிருக்கவில்லை. அதையும் தப்பாகத்தான் அடித்தேன். பெரிய டிரம் 'டம்' என்றால் கூடவே விழ வேண்டும். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு அடிப்பேன்.

டிரம்பெட் ஊதியவர் என் அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான். மேல் முன்பல் இரண்டும் அதை மூடிய உதடும்தான் செட்டின் மொத்தச் சொத்து. அவர் ஊதினால்தான் எட்டுப் பேர் வீட்டில் உலை கொதிக்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அக்கா வாசல் வரை வந்து எச்சரிக்கும்.

"டேய், அவரு வாயில ஒரு அடி வுழுந்துச்சு, நீ வூட்டுப் பக்கமே வராத. வந்தா அருவாமணையாலதான் வரவேற்பு."

"எனக்கு அடி வுழுந்தா?"

"உன் மூஞ்சியில இன்னும் கெடறதுக்கு எடம் எங்கடா இருக்கு?"

ஸ்விங் எங்களிடம் வந்ததற்கும் ஒரு அடிதான் காரணம். ஒரு சாவு ஊர்வலத்தில் குடிகாரன் ஒருவன் மச்சானின் டிரம்பெட்டைப் பிடுங்கி இன்னொரு குடிகாரன் தலையில் போட்டான். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, டிரம்பெட் அப்பளமாகிவிட்டது. பழையது ஒன்று வாங்க நானும் மச்சானும் திருச்சி பொன்மலை ரயில்வே காலனிக்குப் போனோம். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று சாமான்களை விற்றுக்கொண்டிருந்தது. அந்த வீட்டம்மா டிரம்பெட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட்டையும் சும்மா தந்தார். ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

மச்சான் காதைச் சாய்த்துக் கேட்டார். "என்னங்க இது, தாளம் நொண்டுது?"

"நொண்டலப்பா. அதுதான் ஸ்விங். ஒரு அடிய ரெண்டாப் பிரிச்சா மொத துண்டு நீளம், அடுத்தது குட்ட."

செருப்பு அறுந்தவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல இருந்தது எனக்கு. அந்தம்மா கதையும் சொன்னார். அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் உண்டாக்கிய இசையாம். நியூயார்க்கில் அவர்கள் பேட்டையில் பெரிய ஆட்டக்கூடம் ஒன்று இருந்ததாம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடலாம் என்பதே அந்தக் காலத்தில் அதிசயமாம். ஒரே கூடத்தில் இரண்டு மேடை போட்டு இரண்டு பேண்டை மோதவிடுவார்களாம். ஆடுகிறவர்கள் யார் வாசிக்கும்போது அதிகம் துள்ளுகிறார்களோ அந்த பேண்டு ஜெயித்ததாம். பிறகு அது கப்பலேறி பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்தது. உலகப்போர் சமயத்தில் சிப்பாய்களோடு இன்னும் நிறைய வந்தது. அங்கிருந்து ரயில் பிடித்து ரயில்வே காலனி டான்ஸ் ஹால்களுக்கும், பழைய சினிமாவின் கிளப் டான்ஸுக்கும் போனது. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அதனால் எங்கள் ஸ்விங் பஸ்ஸில், என் மடியில் உட்கார்ந்து வந்தது.

கிளம்பும் முன் அந்தம்மாவும் அவர் வீட்டுக்காரரும் பாதி காலியான கூடத்தில் ஆடியும் காட்டினார்கள். கூட்டம் நெரிகிற ஹாலில் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிக்கொண்டு பாதத்தை மட்டும் தேய்ப்பது ஒரு வகை. காலை முன்னும் பின்னும் உதறுவது ஒரு வகை. கையைப் பிடித்து விலகி, இழுத்து, சுற்றி, கடைசியில் ஜோடியை அப்படியே ஆகாயத்தில் எறிவது ஒரு வகை. மூன்றாவதை அவர்கள் வாயால்தான் சொன்னார்கள், வீட்டில் கூரை தாழ்வு. அதைக் கேட்டதும் மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போது நான் நாற்பத்தைந்து கிலோ.

ஆறே மாதத்தில் செட் மாறிவிட்டது. ஸ்விங்கில் ஜால்ரா முதல் அடியில் விழக்கூடாது, நாலடிச் சுற்றில் இரண்டிலும் நாலிலும்தான் விழ வேண்டும். பிறந்ததிலிருந்து நான் செய்துவந்த தப்பு ஒரே நாளில் வித்தையாகிவிட்டது. நடுப்பாட்டில் பெரிய டிரம்காரன் டிரம்மைக் கழற்றி வைப்பான். அவன் முன்னாள் லோடுமேன், சிமெண்டு மூட்டை தூக்கிய தோள். என்னைப் பிடித்து இழுத்து, சுழற்றி, தலைக்கு மேல் எறிந்து பிடிப்பான். எனக்குப் பெண் பாகம், மீசையோடு. கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளையைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்கள் என்று சொல்லிக்கொள்வேன். மாப்பிள்ளை வீட்டார் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

கீழப்பழுவூர் பக்கம் ஒரு ஊரில் பால்குடம். கீழத்தெருவுக்கு நாங்கள், மேலத்தெருவுக்கு ஆண்டிமடம் பக்கத்துச் செட். காலை பத்து மணிக்கு இரண்டு தெருக் குடமும் முச்சந்தியில் சந்திக்கும். எந்தச் செட் முதலில் வாசிப்பை நிறுத்துகிறதோ அதன் தெரு ஒதுங்கி வழிவிட வேண்டும். அந்த ஊர் வழக்கம் அது.

முக்கால் மணி நேரம் வாசித்தோம். எதிர்ச் செட்டின் டிரம்பெட்காரர் கறுத்து உயர்ந்த மனிதர், கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு ஸ்விங்கை எடுத்தார். கீழத்தெரு இளவட்டங்கள் துள்ளினார்கள். மெல்ல மேலத்தெரு ஆட்களின் காலும் ஆடத் தொடங்கியது. வாசிப்போடு விட்டிருந்தால் ஜெயித்திருப்போம்.

"தூக்குடா அவன!" என்று யாரோ கத்தினார்கள். லோடுமேன் என்னைத் தூக்கி எறிந்தான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக எறிந்துவிட்டான். மேலத்தெருவின் முன்வரிசையில் நின்ற பெரிய மனிதரின் தாடையில் என் குதிகால் இறங்கியது.

"எங்க தெருவு ஆளயே எட்டி ஒதைக்கிறியாடா, பொட்டப்பய வேசம் போட்டுக்கிட்டு?"

முதல் அறை எனக்கு. இரண்டாவதும் எனக்கு. அப்புறம் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பந்தல் மூங்கிலைப் பிடுங்கினார்கள், தோரணத்துக்கு நட்ட வாழைமரத்தையே வேரோடு தூக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். கிளாரினெட்காரர் விரல்களை அக்குளில் வைத்துக்கொண்டு ஓடினார். சின்ன டிரம்காரரின் மண்டை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் ஒழுகியது. கீழத்தெருவும் சும்மா இருக்கவில்லை. ஒருவன் காதைக் கடித்து, துண்டைத் துப்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு அக்கா ஞாபகம் வந்தது. தவழ்ந்துபோய் மச்சானுக்கு முன்னால் நின்றேன். இடப்பக்கமிருந்து ஒரு முஷ்டி அவர் வாயை நோக்கி வந்தது. ஜால்ராத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றி அடித்தேன். ஒரு நொடி தாமதம். முஷ்டி போய்விட்டது. அந்த இடத்தில் மச்சானின் முகம் இருந்தது.

அவர் மண்டிபோட்டு உட்கார்ந்து உள்ளங்கையில் துப்பினார். ரத்தத்தில் இரண்டு பல். மேலுதடு நடுவில் பிளந்து தொங்கியது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதலில் வந்தவர் எதிர்ச் செட்டின் டிரம்பெட்காரர்தான். எனக்கு இன்னொரு அடி என்று நினைத்துத் தலையைக் குனிந்தேன். அவர் என்னைத் தாண்டிப்போய், தோள் துண்டை மச்சானின் வாயில் வைத்து அழுத்தினார்.

"டிரம்பெட்காரன் வாய்டா! பாவிங்களா, நிறுத்துங்கடா!"

இரண்டு செட்டும் அப்படியே நின்றுவிட்டது. தெருக்காரர்கள் மட்டும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டார்கள். எதிர்ச் செட் டிரம்பெட்காரரின் மொபெட்டிலேயே மூன்று பேராக அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உதட்டில் தையல் போட்டுவிட்டு நர்ஸ் நகர்ந்ததும் மச்சான் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"நீதான அடிச்ச?"

"எப்புடி மச்சான் தெரியும்?"

"அவ்ளோ லேட்டா வந்து வுழற அடி வேற யாருது?"

அக்காவிடம் மேலத்தெருக்காரன் அடித்ததாகச் சொல்லிவிட்டார். காவல் காக்காத குற்றத்துக்கே அக்கா விளக்குமாறு பிய்யும் வரை என்னை அடித்தது. உண்மை தெரிந்திருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.

திருச்சியில் பல் கட்டினார்கள். கட்டிய பல் ஊதுகிற வேகத்தில் நகர்ந்தது. தினமும் விடிந்ததும் கொல்லையில் உட்கார்ந்து ஊதுவார். தையல் போட்ட இடத்திலிருந்து ரத்தம் கசியும், துடைத்துவிட்டு மறுபடி ஊதுவார். மேல்ஸ்தாயி போயே போய்விட்டது. கீழே ஏழெட்டு சுரம்தான் மிச்சம். எங்களைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். லோடுமேன் மறுபடி மூட்டை தூக்கப் போனான்.

மறு வருஷம் அதே ஊர், அதே தெரு எங்களைக் கூப்பிட்டது. பாட்டுக்காகக் கூப்பிட்டதாக நான் நினைக்கவில்லை. போகக் கூடாது என்று அக்கா டிரம்பெட்டைத் தூக்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தது. மச்சான் எடுத்துக்கொண்டு கிளம்பினார். "இன்னக்கி ஊதலன்னா இனிமே ஊதவே மாட்டேன்."

முச்சந்தியில் அதே எதிர்ச் செட். மச்சான் ஏழு சுரத்துக்குள் ஸ்விங்கை மெதுவாக எடுத்தார். எதிர் டிரம்பெட்காரர் கொஞ்சம் கேட்டார். பிறகு மோதாமல், மச்சானால் எட்ட முடியாத மேல்சுரங்களை மட்டும் அவர் நிரப்பினார். இரண்டு செட்டும் ஒரே செட்டாகிவிட்டது. அப்படியொரு ஸ்விங்கை நான் அந்தக் கேசட்டுகளில்கூடக் கேட்டதில்லை. ஜால்ராவைக்கூட ஒழுங்காக அடித்தேன்.

ஊர்க்காரர்களுக்குப் புரிய ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"என்னடா, ரெண்டு பயலும் சேந்துக்கிட்டு ஊர ஏமாத்துறீங்களா?"

"யாருடா ஒதுங்குறது? எங்களுக்கு முடிவு தெரியணும்!"

மேலத்தெருவும் கீழத்தெருவும் அந்த ஊர் வரலாற்றில் முதன்முறையாக ஒன்றுசேர்ந்து எங்கள் இரண்டு செட்டையும் அடித்தார்கள். போன வருஷம் கடிபட்ட காதுக்காரனும் கடித்தவனும் தோளோடு தோள் நின்று மூங்கிலை ஓங்கினார்கள். நான் ஜால்ராவை வீசி எறிந்தேன். மச்சானைக் கீழே தள்ளி, மேலே படுத்து, இரண்டு கையாலும் அவர் வாயைப் பொத்திக்கொண்டேன். முதுகில் விழுந்தது, இடுப்பில் விழுந்தது, இடது முழங்கையில் எதுவோ முறிந்தது. கையை எடுக்கவில்லை. எதிர்ச் செட் ஆட்கள் எங்களைச் சேர்த்துத் தூக்கித் தங்கள் வேனுக்குள் போட்டார்கள். வேன் மெயின் ரோட்டுக்கு வந்த பிறகும் பொத்திக்கொண்டேதான் கிடந்தேன்.

மச்சான் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"மாப்ள, மூச்சு வுடணும்டா."