மைதானத்துக்கு வந்த மீன் ஐஸ்

என் மகள் ஷைனி மைதானத்தில் சுருண்டு விழுந்தது மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை, மாலை 4.10 மணிக்கு. கர்த்தர் செய்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால் என் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

ஷைனி திருவனந்தபுரத்தில் கல்லூரி ரக்பி அணியில் ஆடுகிறாள். அவளுடைய தூக்கம், எடை, காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு, எல்லாவற்றையும் தினமும் டைரியில் எழுதுகிறவன் நான். நாடி வழக்கமாக 60. அன்று காலை 82. முந்தின நாள் லேசான காய்ச்சல். உடம்பு தேறவில்லை என்று அந்த எண்ணே சொன்னது. ஆனால் அன்று ஒரே நாளில் மூன்று ஆட்டங்கள். அவள் போயே ஆக வேண்டும் என்றாள். எழுதினேன், டைரியை மூடினேன், அனுப்பிவிட்டேன். மனம் கேட்காமல் பின்னாலேயே நானும் காரில் மைதானத்துக்குப் போனேன்.

மூன்றாவது ஆட்டம் முடிந்தது. எதிரணியினருக்குக் கைகொடுக்கப் போனவள் திசை தெரியாமல் நடந்தாள், விழுந்தாள். ஓடிப்போய்த் தொட்டேன். உடம்பு கொதித்தது. என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

"ஹீட் ஸ்ட்ரோக் ஆணு அங்கிள்," என்றாள் அணியின் பிசியோ அனிலா, மலையாளமும் தமிழும் கலந்து. "ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள உடம்பைக் குளிர வைக்கணும். ஐஸ் எவிடே?"

ஐஸ் பெட்டிகள் காலி. இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் எல்லோருடைய முழங்காலுக்கும் வைத்துத் தீர்த்துவிட்டோம். குழாய்த் தண்ணீரோ வெயிலில் சுட்டது.

நான் பட்டியல் போட்டு ஜெபிக்கிறவன். அன்று பட்டியலும் வரவில்லை, வசனமும் வரவில்லை. "கர்த்தாவே, ஐஸ்" என்றேன். அவ்வளவுதான்.

வாசலில் ஒரே சத்தம்.

"யாருக்க காருடே இது? வண்டி போக வழி வேண்டாமா? லைசென்ஸ் லாட்டரியில கிட்டினதா?"

என் கார்தான். கோடு பார்த்து நிறுத்துகிறவன், அன்றைய பதற்றத்தில் வழியை மறித்து நிறுத்தியிருந்தேன். திட்டிக்கொண்டே உள்ளே வந்தவர் விழிஞ்ஞத்திலிருந்து ஆட்டோவில் மீன் கொண்டுவந்து விற்கும் பிலோமினா அக்கா. பிள்ளை கிடந்த கிடப்பைக் கண்டதும் திட்டு நின்றது.

"ஐஸ்தானே வேணும்? எனக்க ஆட்டோ நெறய ஐஸு. வாரி எடுங்க மக்களே!"

"அப்போ மீனு, சேச்சி?" என்றாள் அனிலா.

"மீனு செத்தாச்சு. நீ பிள்ளையப் பாரு!"

போட்டியின் ஃப்ளெக்ஸ் பேனரைக் கழற்றி விரித்து ஷைனியை அதில் கிடத்தினோம். ஆறு பெண்கள் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தார்கள். ஐஸையும் தண்ணீரையும் அவள் கழுத்து வரை கொட்டினோம்.

4.31. கண் திறந்து சுற்றிப் பார்த்தாள். "அப்பா, என்ன இப்படி சாளை மீன் நாத்தம்?"

மைதானமே சிரித்தது. நான் மட்டும் அழுதேன். உடனே குளிர வைத்ததுதான் உயிரைக் காத்தது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்.

பல வாரம் ஓய்வு. பிறகு நடை, பிறகு மெல்ல ஓட்டம், கடைசியில் டாக்டரின் சம்மதம். இப்போது காலையில் நாடி கூடியிருந்தால் அன்று அவளைப் பந்தைத் தொட விடுவதில்லை. அவள் முறைப்பாள்; முறைக்கட்டும். எழுதுவது மட்டும் போதாது, எழுதியதற்குக் கீழ்ப்படியவும் வேண்டும் என்று கற்றுக்கொண்டேன்.

போன சனிக்கிழமை ஆட்டங்களை முடித்துவிட்டுத் தன் காலில் நடந்து வந்தாள். உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர் குடித்தாள். "பசிக்குதுப்பா" என்றாள். ஸ்தோத்திரம்! இதைவிட இனிய வார்த்தையை நான் கேட்டதில்லை.

சகோதரரே, சகோதரிகளே, ஜெபிக்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். என்ன வேண்டுமோ அதன் பேரை மட்டும் சொல்லுங்கள். அவர் கேட்கிறார்.