ரீச்சர் காட்டிய அரைவட்ட வாசல்

என் எழுத்து மேலும் கீழுமாக ஓடும். ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். கிழவனான பிறகு எழுதப் பழகியவன். இந்தத் துக்கத்திலும் எழுதுகிற சந்தோஷத்தை என்னால் மறைக்க முடியவில்லை.

மெற்றில்டா ரீச்சர் போய்விட்டார் என்று அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னார். பிறகு, "அம்மாவின்ர நினைவா முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்திலை உங்கட பேரிலையும் ஒரு கட்டுரை போடவேணும் அங்கிள். கஷ்டப்படாதேங்கோ, நான் எழுதிவிடுறன்" என்றார்.

"என்ர பேர் போட்டால் நான்தான் எழுதுவன் தம்பி."

ரீச்சர் மன்னாரில் சித்திரம் படிப்பித்தவர். கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் மாடிக் கட்டடத்தின் கீழறையில், புதன்கிழமைகளில் எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்தார். ஒருநாள், "என்ர கைக்கு உது வராது, இனி வரமாட்டன்" என்றேன். அவர் என்னைச் சப்வே ரயிலில் ஏற்றி, நகரத்துக்குள் இருந்த ஒரு கல் தேவாலயத்துக்குக் கூட்டிப் போனார். ஐரோப்பாவின் பழைய ரோமனெஸ்க் பாணிப் பேராலயங்களைப் பார்த்துக் கட்டியதாம்.

பனிக்குள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். காவலாளி வந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். ரீச்சர் பதில் சொல்லிவிட்டுத் தன் சப்பாத்தையும் கழற்றினார்.

"என்னவாம்?"

"சப்பாத்தைப் போடட்டாம். மாதாவுக்கு முன்னாலை நாங்கள் இப்பிடித்தான் நிக்கிறது எண்டன்."

தரை ஐஸ். இருவரும் நின்றோம். ரீச்சர் வாசலின் அரைவட்ட வளைவைக் காட்டினார். "கல்லெல்லாம் விழத்தான் பாக்குது அண்ணை. ஒண்டையொண்டு நெரிக்கிறதாலை விழேல்லை." வளைவு வெளிப்பக்கம் தள்ளுமாம். அதைத் தாங்கத்தான் சுவர் அவ்வளவு தடிப்பு. பெரிய யன்னல் வைத்தால் சுவரின் பலம் போய்விடும் என்பதால் யன்னல்களும் சின்னன். அங்கிருந்த ஒரு தூண் அவ்வளவு பருமன், என்னால் கட்டிப்பிடிக்க முடியவில்லை.

"சரியான மொத்தம். பார்க்க வடிவில்லை ரீச்சர்."

"வடிவை ஆர் கேட்டது? உங்கட எழுத்தும் மொத்தமா, கோணலா இருக்கட்டும். நிண்டால் காணும்."

நேற்று மகன் திரும்பவும் கேட்டார். "கொஞ்சம் திருத்தி, வடிவா ரைப் பண்ணிப் போடட்டோ அங்கிள்?"

"வேண்டாம். கையெழுத்தையே படம் பிடிச்சுப் போடுங்கோ. உங்கட அம்மா பார்த்த எழுத்து."

"நிண்டால் காணும்." விழாமல் நின்றாலே போதும் என்ற இந்தச் சொல்தான் ரீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது. அதன்பிறகு அந்தத் தேவாலயத்தைப் பற்றி ஒவ்வொன்றாக எழுதிவரச் சொன்னார்; வாசல், தூண், சுவர் எல்லாம் எழுதி அவருக்குக் காட்டிவிட்டேன். பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற அந்தக் கல் கூரையை எழுதிவரச் சொன்னதுதான் ரீச்சர் தந்த கடைசி வீட்டுப்பாடம். வருகிற புதன்கிழமை எழுதிக்கொண்டு போவேன். கீழறை பூட்டியிருந்தால், கதவடியில் நின்று சத்தமாக வாசிப்பேன்.